திருப்பிப் போட வேண்டிய சாப்பாடு

பிஷ்கெக்,
நவம்பர் 7, 1993

அன்புள்ள தம்பி குபத்துக்கு,

அம்மாவின் வருஷ நினைவுச் சாப்பாட்டன்று பேச்சை நிறுத்தினோம். அதற்குப் பிறகு நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்று பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டு பேரும் கிழமாகிப் போவோம். சரி, நான் தோற்றுவிட்டேன் என்றே வைத்துக்கொள். அம்மாவின் தையல் மெஷின் உன் பெண்டாட்டி ஜிபரிடமே இருக்கட்டும். ஒரு பொத்தான் தைக்கக்கூட அவள் அதைத் திறப்பதில்லை என்று கேள்வி. இருக்கட்டும். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசப் போவதில்லை.

போன வருஷங்களில் இந்தப் புரட்சி நாளுக்கு ஊர்வலம் போவோம், ஞாபகம் இருக்கிறதா? இப்போது இன்று விடுமுறையா இல்லையா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. நான் வழக்கம்போல டிப்போவுக்குப் போனேன். டிராலிபஸ்களில் பாதி உதிரி பாகம் இல்லாமல் நிற்கின்றன. இல்லாத வண்டியை எந்தத் தடத்தில் அனுப்புவது என்று உட்கார்ந்து யோசிப்பதுதான் இப்போது என் வேலை. சம்பளத்துக்குப் பதில் இந்த மாதமும் மக்ரோனி கொடுத்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

டிப்போவுக்குப் போகிற வழியில் செருப்புத் தொழிற்சாலை விடுதி இருக்கிறதே, அதில் கோடையிலிருந்து தஜிகிஸ்தான் அகதிகள் இருக்கிறார்கள். அங்கே சண்டையில் வீட்டைக் கொளுத்திவிட்டார்களாம். ஒரு அறைக்கு இரண்டு குடும்பம், மூன்று குடும்பம். விடுதியை யாருக்கோ விற்றுவிட்டார்கள், குளிர் முற்றுவதற்குள் காலி செய்ய வேண்டுமாம். தினமும் பார்த்துக்கொண்டுதான் போனேன். எல்லோரையும் போல நானும் பார்க்காத மாதிரிதான் போனேன். போன மாதம் ஒருநாள் அங்கே வாசலில் ஒரு பெண் பிள்ளை காலுறை இல்லாமல் நின்று என்னைப் பார்த்து வணக்கம் சொன்னது. அப்போதுதான் உறைத்தது. இவர்கள் வந்து இத்தனை மாதமாகிறது, நம்மில் ஒரு வீடாவது இவர்களுக்கு ஒருலுக் போட்டோமா? பக்கத்துக் கட்டடத்திலிருந்து இந்தக் கட்டடத்துக்கு மாறி வருகிறவனுக்குக்கூட ஒரு தட்டு தூக்கிக்கொண்டு போகிற ஜனம்தானே நாம்! வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதி எல்லாக் கட்டட வாசலிலும் ஒட்டினேன். ரஷ்யக்காரர்களுக்கும் புரியட்டும் என்று இரண்டு மொழியிலும் எழுதினேன். “புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு அக்கம்பக்கத்தார் போடும் முதல் சாப்பாடு ஒருலுக். அதைச் சாப்பிட்டவர்கள் அந்நியர் இல்லை. எட்டாம் வட்டாரத்தில் புதியவர்கள் வந்திருக்கிறார்கள். ஒரே படிக்கட்டில் ஏறிப் போகிற வீடுகள் எல்லாம் சேர்ந்து, ஒரு படிக்கட்டுக்கு ஒரு குடும்பம் எடுத்துக்கொள்வோம்.” மறுநாள் அதன் கீழே யாரோ “முதலில் எங்களுக்குப் போடு” என்று கிறுக்கியிருந்தார்கள். கையெழுத்தைப் பார்த்தேன், கீழ்வீட்டு வலன்டீனாவேதான். இருந்தாலும் நாலைந்து பெண்கள் சேர்ந்திருக்கிறோம்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள். நம் படிக்கட்டுக்கு வந்த குடும்பத்துக்கு இடம் எங்கே என்று தேடினோம். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. உன் வீடுதான். சாவி என்னிடம் இருந்தது. தவ்லத், அவன் மனைவி சவ்ரி, இரண்டு பெண் குழந்தைகள். அவன் பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவன், இப்போது சந்தையில் கைவண்டி இழுக்கிறான். அவள் தைக்கிறாள். வீட்டிலிருந்து அவர்கள் எடுத்து வந்த ஒரே சாமான் தையல் மெஷின். மலைப்பாதை முழுக்க அவன் அதை முதுகில் சுமந்து வந்திருக்கிறான்.

கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாய்.

அக்கா,
புரூல்


கொச்கோர்,
நவம்பர் 22

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். உன் கதை அப்படித்தான் இருக்கிறது. தர்மம் செய்ய ஆசையிருந்தால் உன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? உன் வீட்டிலும் இரண்டு அறை இருக்கிறதே?

உன்னிடம் சாவி கொடுத்தது தண்ணீர்க் குழாய் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள. ஊரைக் குடிவைக்க அல்ல.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. தொழிற்சாலையை மூடினதும் மலைக்கே போய் ஆடு வளர்க்கலாம் என்று பெரிய தைரியத்தோடு வந்தேன். கடைசல் மெஷினில் இருபது வருஷம் நின்றவனுக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும்? போன குளிரில் வைக்கோல் போதாமல் பாதி ஆடு செத்தது. இந்த வருஷமும் வைக்கோல் இல்லை. அதனால்தான் அந்த வீட்டை விற்க ஏற்பாடு செய்திருக்கிறேன். டோக்மோக்கில் ஒரு வியாபாரி, மகன் கல்யாணத்துக்கு நகரத்தில் வீடு தேடுகிறான். காலி வீடாகத்தான் வேண்டும் என்கிறான். எங்களுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த வீடு ஒன்றுதான். அது உனக்கும் தெரியும்.

அந்த ஆள் டிசம்பரில் வருவதாகச் சொல்கிறான். அதற்குள் அவர்களை வேறு எங்காவது அனுப்பிவிடு.

ஜிபர் மெஷினைத் திறக்கிறாளா, மூடுகிறாளா என்பது எங்கள் வீட்டு விஷயம்.

குபத்


பிஷ்கெக்,
டிசம்பர் 9

தம்பி,

திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன். பாதி எனக்குத் தகும். என் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாய். வைத்திருக்கிறேன். விடுதியிலிருந்து வந்த ஒரு விதவையும் மூன்று பையன்களும் உள்ளறையில் இருக்கிறார்கள். நான் சமையலறையில் படுக்கிறேன். முதல் கடிதத்தில் எழுதவில்லை, பெருமை அடிக்கிறேன் என்பாய்.

சவ்ரிக்கு ஒருலுக் போட்டுவிட்டோம் குபத். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் படிக்கட்டில் எல்லா வீட்டுக் கதவையும் திறந்து வைத்தோம். ஒரு வீட்டில் மாவை வெட்டிப் பூர்சோக் பொரித்தார்கள், ஒரு வீட்டில் சூப், என் வீட்டில் மக்ரோனி, வேறென்ன! கறி மட்டும் எல்லோரும் சேர்ந்து வாங்கினோம். வலன்டீனா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். “எங்களுக்கே ரொட்டிக்கு வரிசையில நிக்க வேண்டியிருக்கு. இதுல வந்தவங்களுக்கு விருந்து ஒரு கேடா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஊறுகாய் வெள்ளரிக்காய் ஜாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தாள். “கெட்டுப்போயிடும்னு கொண்டாந்தேன். வேற ஒண்ணும் இல்ல” என்றாள். பிறகு சின்னப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

இப்போது மற்றக் கட்டடங்களிலும் தொடங்கிவிட்டார்கள். நகர அலுவலகத்திலிருந்து ஒருவர் காரில் வந்தார். பேச்சு பேசினார். கையில் கறித்தட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டார். தட்டைக் கீழே வைக்காமல் கறியையும் தின்றுவிட்டுப் போனார். விறகு கேட்டோம், போர்வை கேட்டோம், அடுத்த வாரம் என்றார். இன்னும் அந்த வாரம் வரவில்லை.

உண்மையைச் சொல்லட்டுமா? அலுத்துவிட்டது. முதல் வாரம் கதவு தட்டினால் உள்ளே வா என்றவர்கள் இப்போது கண்ணாடித் துளை வழியாகப் பார்த்துவிட்டுத் திறப்பதில்லை. “நேத்துதானே குடுத்தோம்” என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவர்கள் வீட்டு ரேடியேட்டரும் என் வீட்டு ரேடியேட்டர் போல ஜில்லென்றுதான் இருக்கிறது. மாடி ஏறி இறங்கி எனக்குக் கால் வீங்கிவிட்டது.

உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒருலுக் சாப்பிட்டவர்கள் அந்நியர் இல்லை என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். அவர்களையே டிசம்பரில் வெளியே போ என்று எந்த வாயால் சொல்வேன்? பனி உருகும் வரைக்கும் விட்டுக்கொடு. உன் கடிதம் மேஜையில் இருந்தபோது சவ்ரி பார்த்துவிட்டாள். “தம்பி என்ன எழுதியிருக்காரு அக்கா?” என்று கேட்டாள். நம் மொழி அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

புரூல்


கொச்கோர்,
டிசம்பர் 26

அக்கா,

கணவாயில் பனி. இப்போது என்னால் இறங்கி வர முடியாது, வியாபாரியும் பிப்ரவரிக்குத் தள்ளிவிட்டான். உன் தஜிக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். எனக்கு இல்லை. இந்த மாதம் இன்னும் இரண்டு ஆடு போய்விட்டது. ஜிபருக்கு முதுகுவலி, குனிய முடிவதில்லை. தண்ணீரும் நான்தான் தூக்குகிறேன்.

உள்ளறையை விட்டுக்கொடுத்தது எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்காக என் முடிவு மாறாது.

ஒருலுக் ஒருலுக் என்று எழுதுகிறாய். முழுசாகத்தான் எழுதேன். போட்ட சாப்பாட்டை அவர்கள் திருப்பிப் போட்டார்களா? போய்வருகிற தட்டுதான் அண்டைவீட்டுக்காரனை உண்டாக்கும். சாப்பிட்டுவிட்டு மட்டும் இருப்பவன் விருந்தாளி. விருந்தாளிக்கு மூன்று நாள். அவர்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

கோபத்தில் எழுதவில்லை. கோபப்படக்கூட இங்கே தெம்பில்லை.

குபத்


பிஷ்கெக்,
ஜனவரி 16, 1994

தம்பி,

திருப்பிப் போட்டார்களா என்று கேட்டாய். போட்டார்கள். உன் வாயில் என்ன இருந்ததோ, உன் கடிதம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள்.

புது வருஷம் பிறந்ததிலிருந்து எங்கள் வட்டாரம் முழுக்க பலாவ் வாசனைதான். அகதிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் படிக்கட்டையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டன. நாங்கள் பூரித்துப் போனோம். “பார்த்தியா, அதுக்குள்ள தலை தூக்கிட்டாங்க!” என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டோம். சவ்ரியும் எல்லோரையும் கூப்பிட்டாள். அரிசியில் நெய் மினுங்கிற்று, கறி தாராளமாக இருந்தது. வலன்டீனா இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு அழுதாள். இந்தக் கோடையில் அவள் ரஷ்யாவுக்கே போகிறாள், அங்கே தன்னை யார் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள் என்று அழுதாள். நான் எலும்பை உறிஞ்சிக்கொண்டே அவளுக்கு ஆறுதல் சொன்னேன். கறி எங்கிருந்து வந்தது என்று எங்களில் ஒரு முட்டாளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன வாரம் என் கோட்டின் கை கிழிந்தது. சவ்ரியிடம் கொடுத்தேன். இப்படிக் கொடுத்தால் அப்படித் தைத்துத் தருகிறவள், “ரெண்டு நாள் ஆகும் அக்கா” என்றாள். வாங்கிப் பார்த்தால் கைத்தையல்.

“மெஷின் எங்க?” என்றேன்.

“இருக்கு.”

“எங்க இருக்கு?”

“சந்தையில இருக்கு அக்கா. வாங்கினவங்க நல்லவங்கதான். துணி போட்டு மூடித்தான் வச்சிருக்காங்க. போய்ப் பார்த்துட்டு வந்தேன்.”

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவும் செய்தேன். “யாருடி உன்னைத் திருப்பிப் போடச் சொன்னது? நாங்க கேட்டோமா?”

அவள் ஊசியைக் கீழே வைக்கவில்லை. “யாரு சொல்லணும்? எங்க ஊர்லயும் சாப்பாடு வந்த தட்டு வெறுமனே திரும்பாது. நீங்க வாசல்ல ஒட்டினதை தவ்லத் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. அந்நியர் இல்லைன்னு எழுதியிருந்தீங்க. வாங்கித் தின்னுட்டு சும்மா இருந்தா அது பிச்சையாயிடாதா?”

மறுநாள் விசாரித்தோம். எல்லா வீட்டிலும் இதே கதை. ஒருத்தி காதில் கிடந்ததை விற்றிருக்கிறாள். இரண்டாம் கட்டடத்தில் ஒருவன் தன் குளிர்கோட்டை விற்றுப் பலாவ் போட்டிருக்கிறான். இப்போது நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நாங்கள்தான் பெருமையோடு படிக்கட்டையே கூட்டிப் போய் ஒருலுக் போட்டவர்கள் ஆயிற்றே! ஒரு வீடு போட்டிருந்தால் ஒரு வீட்டுக்குத் திருப்பியிருப்பார்கள். இருபது வீடு போட்டதால் இருபது வீட்டுக்குத் திருப்பினார்கள். சாப்பாடு போட்டுப் போட்டே அவர்களைத் தின்றுவிட்டோம் குபத்.

அவசர அவசரமாக இன்னொரு காகிதம் ஒட்டினேன், யாரும் திருப்பிப் போட வேண்டாம் என்று. அன்று சாயங்காலமே தவ்லத் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “அக்கா, அந்தக் காகிதத்தைக் கிழிச்சிடுங்க. அதைப் பார்த்துட்டு மேல ஏற எனக்குக் கால் வரல” என்றான். கிழித்துவிட்டேன்.

என்னோடு சேர்ந்த பெண்களுக்குள் இப்போது சண்டை. எல்லாம் என்னால்தான் என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். டிப்போவில் உட்கார்ந்திருக்கும்போது சில நேரம் போன் மணி அடித்தால் எடுக்கக் கை எழவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் கொடுத்துவிட்டேன். தட்டு போய், தட்டு வந்துவிட்டது. பனி உருகும் வரை போதும். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

புரூல்


கொச்கோர்,
ஜனவரி 27

அக்கா,

படித்தேன். ஜிபருக்கும் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மரமா நான்? ஆனால் வைக்கோல் தீர்ந்துவிட்டது. சாம்பல் குதிரைக்கு வில்லோ மரக் குச்சியை ஒடித்துப் போடுகிறேன். அது என்னைப் பார்க்கிற பார்வை சகிக்கவில்லை. அவர்களுக்கு இரக்கப்பட்டால் இங்கே இருக்கிறவர்களுக்கு யார் இரக்கப்படுவார்கள்?

பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வருகிறான். முந்தின நாளே நான் வந்துவிடுகிறேன். நீ அவர்களிடம் எதுவும் சொல்ல வேண்டாம், உனக்கு அந்த மனசு கிடையாது. நானே சொல்கிறேன்.

குபத்


பிஷ்கெக்,
பிப்ரவரி 12

குபத்,

என்னடா ஆச்சு உனக்கு? வருகிறேன் என்றாய், வரவில்லை. வியாபாரியும் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் இருக்கக் கேட்டேன், விடவில்லை. ஓட்டமாக ஓடி வந்தேன், நீ இல்லை. ஞாயிறு முழுக்க ஜன்னலிலேயே நின்றேன். உன்னிடம் பேச வேண்டியதை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். உடம்பு சரியில்லையா? கணவாயில் ஏதாவது ஆயிற்றா? ஒரு வரி எழுது.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. விடுதியை மூடிவிட்டார்கள். முக்கால்வாசிக் குடும்பங்களுக்கு எங்காவது ஒரு மூலை கிடைத்துவிட்டது. சிலர் தெற்கே ஓஷ் நகரத்துக்குப் போய்விட்டார்கள். கோட்டு விற்றவன் பிழைத்துக்கொண்டான், வலன்டீனா தன் செத்துப்போன புருஷனின் கோட்டை அவனுக்குக் கொடுத்தாள். அதற்கு அவன் என்ன திருப்பிக் கொடுப்பானோ! நான் ஒட்டின காகிதங்கள் பனியில் ஊறித் தாமாகவே விழுந்துவிட்டன. மறுபடி ஒட்டவில்லை. கதவு தட்ட இப்போது நாங்கள் மூன்று பேர்தான்.

சவ்ரி கையாலேயே தைக்கிறாள். விரல் நுனியெல்லாம் பொத்தல். சந்தைக்காரர்கள் மெஷின் தையல்தான் வேண்டும் என்று வேறு ஆளிடம் போகிறார்கள். தவ்லத் இழுக்கும் வண்டியில்தான் அடுப்பு எரிகிறது.

ஒரு வேடிக்கை. நம் படிக்கட்டில் யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறாராம். சவ்ரி சொல்கிறாள். நான் இல்லாத நேரத்தில் படியில் பையோடு உட்கார்ந்திருந்தாராம். இவர்கள் கூப்பிட்டு ஒருலுக் போட்டிருக்கிறார்கள்! சாமான் எடுத்துட்டு வரேன்னு போனவர் திரும்பவே இல்லையாம். தினமும் என்னைக் கேட்கிறாள், “உப்பு கூடிப்போச்சோ அக்கா? கோவிச்சுக்கிட்டாரோ?” என்று. இந்தப் படிக்கட்டில் யாரும் குடிவரவில்லை. திருடனோ என்று பயந்தேன், ஆனால் எந்த வீட்டிலும் ஒன்றும் காணாமல் போகவில்லை.

எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


கொச்கோர்,
பிப்ரவரி 25

அக்கா,

உப்பு சரியாகத்தான் இருந்தது. சவ்ரியிடம் சொல்லிவிடு.

நான்தான் வந்தேன். சனிக்கிழமை மத்தியானமே பஸ் வந்துவிட்டது. உன் கதவு பூட்டியிருந்தது. விதவையும் பையன்களும்கூட இல்லை. என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தேன். தட்டவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். நீ வந்ததும் சேர்ந்து சொல்லலாம் என்று நினைத்தேன். பயந்தேன் என்றே வைத்துக்கொள்.

என் வீட்டுக் கதவு திறந்தது. சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். “மாமா, நீங்க புதுசா?” என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவள் உள்ளே ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தாள்.

சவ்ரி எனக்கு ஒருலுக்கை விளக்கிச் சொன்னாள் அக்கா. எனக்கு! “இங்க ஒரு பழக்கம் இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு முன்னாடியே இருக்கறவங்க முதல் சாப்பாடு போடணும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நாங்க வந்தப்ப எங்களுக்கும் போட்டாங்க. உள்ள வாங்க” என்றாள். மாட்டேன் என்று சொல்ல நம் ஆட்களில் யாருக்கு வாய் வரும்? என் வீட்டுக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டு விருந்தாளியாகப் போனேன்.

ஜன்னல் ஓட்டையை நான் இருந்த வரைக்கும் அடைக்கவே இல்லை, ஜிபர் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அதை அடைத்திருக்கிறார்கள். சமையலறைக் குழாய் சொட்டவில்லை. தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்த நற்சான்றிதழ் சுவரிலேயே இருக்கிறது, கண்ணாடி துடைத்திருக்கிறது. தவ்லத் அதைக் காட்டி என்னிடம் சொன்னான், “இதுதான் வீட்டுக்காரர் பேரு. மலையில இருக்காரு. பார்த்ததே இல்ல. அவரு கடிதம் எழுதியிருந்தாரு. ‘குளிர் முடியற வரைக்கும் என் வீடு உங்க வீடு, பிள்ளைங்களைச் சந்தோஷமா வச்சுக்குங்க’ன்னு. புரூல் அக்கா எங்களுக்கு முழுசாப் படிச்சுக் காட்டினாங்க” என்றான்.

அடிப்பாவி! சமாளித்தேன் என்று நீ எழுதியது இதைத்தானா? நான் காறித் துப்பி எழுதின கடிதத்தை அப்படியா படித்தாய்? ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அந்த இரண்டு பிள்ளைகளும் என் பெயரைச் சொல்லித் துவா செய்கிறார்கள். அன்றைக்கும் செய்தார்கள். நான் கையை ஏந்திக்கொண்டு என் பெயருக்கே ஆமீன் சொன்னேன்.

சாப்பாடு என்ன தெரியுமா? நூடுல்ஸ் சூப், தண்ணியாக. கறித் துண்டு ஒன்றே ஒன்று. அது என் கிண்ணத்தில் இருந்தது. பிள்ளைகள் இரண்டும் அதைப் பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டுச் சுவரைப் பார்த்தன. கிண்ணத்தை நீட்டிய அவள் விரல்களைப் பார்த்தேன். நீ எழுதியிருந்தாய், ஆனால் பார்ப்பது வேறு. கறியைத் தின்றேன். தின்னாவிட்டால் அவமானம் அவர்களுக்கு. என் ஆயுசில் அப்படி ஒரு கறியை நான் விழுங்கியதில்லை.

பெயர் கேட்டார்கள். அசன் என்றேன். சாமான் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி நேராக பஸ் நிலையத்துக்குப் போனேன். உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. டோக்மோக்கில் இறங்கி வியாபாரியின் கதவைத் தட்டினேன். இந்தக் கதவைத் தட்டக் கை வந்தது. வீடு விற்பதற்கில்லை என்று சொன்னேன். அவன் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது.

சாம்பல் குதிரையை விற்றுவிட்டேன். வைக்கோல் வந்துவிட்டது. ஏப்ரல்வரை தள்ளலாம். ஜிபர் நாலைந்து நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்கு அந்தக் குதிரை என்றால் உயிர். பிறகு ஒருநாள் காலையில் பார்க்கிறேன், தரையில் உட்கார்ந்து அம்மாவின் மெஷினைத் திறந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகுவலியோடு. “வீட்டையே குடுத்தாச்சு, இது எதுக்கு இங்க குந்திக்கிட்டு? உன் அக்கா இனிமே இதைச் சொல்லிக் காட்ட முடியாதுல்ல” என்றாள். தன்னுடைய கம்பளி விரிப்பிலேயே சுற்றிக் கட்டியிருக்கிறாள். வியாழக்கிழமை பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறோம். போய் வாங்கிக்கொள், கனமாக இருக்கும், டிப்போ ஆள் யாரையாவது கூட்டிப் போ, தவ்லத் வேண்டாம்.

ஆனால் ஒன்று, கவனமாகக் கேள். அந்த மெஷின் நான் அனுப்பினது என்று அவர்களிடம் மூச்சு விடாதே. உன் அம்மாவுடையது, உன்னிடம் சும்மா கிடக்கிறது, இரவல் தருகிறேன் என்று சொல். பொய் சொல்லத்தான் உனக்கு நன்றாக வருகிறதே! நான் கொடுத்தது என்று தெரிந்தால், நான் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு ஈடு கட்டிவிட்டேன் என்று ஆகிவிடும். பிறகு கணக்கு தீர்ந்தது, இவன் வீட்டுக்காரன், நாங்கள் குடியிருப்பவர்கள் என்று அவர்கள் மூட்டை கட்டினாலும் கட்டுவார்கள். ரோஷக்காரர்கள்.

ஒருலுக் சாப்பிட்டுவிட்டுத் திருப்பிப் போடாமல், போட்டவனையே வெளியே போ என்று சொன்னவன் நம் ஜனத்தில் எவனும் இல்லை. நானும் சொல்லப் போவதில்லை. முறையாகத் திருப்பிப் போட வேண்டும் என்றால் ஒரு ஆடாவது அடிக்க வேண்டும். என் ஆடுகளின் லட்சணம் உனக்குத் தெரியும். இந்த வருஷம் முடியாது. அடுத்த வருஷமும் சந்தேகம்தான்.

உன் கால் வீக்கத்துக்குச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வை. காகிதம் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மறுபடி ஒட்டு. இந்தத் தடவை ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு மட்டும் போடட்டும், படிக்கட்டையே கூட்டிப் போகாதே.

சவ்ரி கேட்டால், புதிதாக வந்தவர் இன்னும் சாமான் எடுத்து வரத்தான் போயிருக்கிறார் என்று சொல்.

தம்பி
குபத்